இரவல் கதைகளில் எழும் பூங்காக்கள்

கெந்திங் மலையில் 2022 பிப்ரவரி 8ஆம் தேதி ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா திறக்கப்பட்டபோது, அங்கிருந்த ஒன்பது உலகங்களில் நான்கு ஒரே திரைப்பட நிறுவனத்தின் கதைகளைக் கொண்டு கட்டப்பட்டவை. ‘ஐஸ் ஏஜ்’, ‘ரியோ’, ‘ரோபோட்ஸ்’, ‘எபிக்’ ஆகிய நான்கு படங்களையும் உருவாக்கியது புளூ ஸ்கை என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம். பூங்காவின் கதவு திறப்பதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, 2021 ஏப்ரலில், அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. ‘ரோபோட்ஸ்’ வெளிவந்தது 2005இல். அதன் பெயர் தாங்கிய வட்டாரத்தில் இன்று ஓடியாடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

கட்டி முடிப்பதற்குள் கதை பழசாகிப் போனதற்குக் காரணம் கட்டுமானத் தாமதம் மட்டும் இல்லை. கெந்திங்கின் பழைய திறந்தவெளிப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே இடத்தில் உலகின் முதல் ‘ட்வென்டியத் சென்ச்சுரி ஃபாக்ஸ் வேர்ல்ட்’ எழும் என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். 2016, 2017 என்று திறப்பு தள்ளிக்கொண்டே போனது. இடையில் டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸின் திரைப்படச் சொத்துகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2018 நவம்பரில் கெந்திங் மலேசியா, ஃபாக்ஸ் மீதும் டிஸ்னி மீதும் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. குடும்பங்களுக்கான நிறுவனமான டிஸ்னி, சூதாட்ட விடுதி இருக்கும் மலையோடு தன் பெயர் சேர்வதை விரும்பவில்லை. அதனால்தான் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது என்பது கெந்திங்கின் வாதம். 2019 ஜூலையில் சமரசம் ஏற்பட்டு, சில படங்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பழைய பூங்கா மூடியதிலிருந்து புதியது திறந்ததுவரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தொடக்கப் பள்ளியில் சேர்ந்த ஒரு பிள்ளை மூன்றாம் படிவத்துக்குப் போய்விடும் காலம் அது.

நிலம் மலேசியாவில். பணமும் மலேசிய நிறுவனத்தினுடையது. மலைச்சரிவைச் செதுக்கியவர்களும் இங்கே வேலை செய்தவர்கள். கதை மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. அந்த ஒன்றே எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கப் போதுமானதாக இருந்தது.

இதை ஒரு தனி விபத்தாக ஒதுக்கிவிட முடியாது. ஜொகூரின் புத்ரி ஹார்பரில் 2012இல் திறந்த ஹலோ கிட்டி டவுன் 2019 முடிவோடு மூடப்பட்டது. ஈப்போவில் 50 கோடி ரிங்கிட் அளவில் செலவிட்டு எழுப்பிய மேப்ஸ் என்ற அனிமேஷன் பூங்கா 2017 ஜூனில் திறந்தது. ஸ்மர்ஃப், கேஸ்பர் போன்ற வெளிநாட்டுப் பாத்திரங்களை முன்னிறுத்தி, நம் நாட்டு போபோய்போயையும் சேர்த்துக்கொண்டு வந்த பூங்கா அது. மூன்று ஆண்டுகூட நிறையாமல் 2020 ஜனவரியில் அதன் வாசலும் அடைக்கப்பட்டது. அதில் பேராக் மாநில அரசு சார்ந்த நிறுவனத்தின் பணமும் இருந்தது. ஈப்போ மலேசியத் தமிழர் வாழ்வின் மையங்களில் ஒன்று. ஈயச் சுரங்கக் காலத்தின் கதைகள் தெருவுக்குத் தெரு கிடக்கும் ஊர். அங்கே கார்ட்டூனுக்குப் போன முதலீட்டில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கதைகளுக்குப் போயிருந்தால் என்னென்ன செய்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உலகம் முழுவதும் இன்று இதுதான் போக்கு. 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அதன் வட்டாரங்கள் ஒரு தனிப் படத்தின் பெயரில் அமையவில்லை. சாகச நாடு, எல்லைப்புற நாடு, கற்பனை நாடு, நாளைய நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு பெரிய உணர்வைத் தொட்டது. 2010 ஜூனில் ஃபுளோரிடாவில் யுனிவர்சல் நிறுவனம் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்ததும் கணக்கு மாறியது. அது அமைந்த பூங்காவுக்கு 2009இல் ஏறக்குறைய 46 லட்சம் பேர் வந்தார்கள். 2011இல் அந்த எண்ணிக்கை 76 லட்சத்தைத் தாண்டியது என்கின்றன துறை மதிப்பீடுகள். அதன் பிறகு வெள்ளம்தான். 2012இல் ‘கார்ஸ்’, 2017இல் ‘அவதார்’, 2019இல் ‘ஸ்டார் வார்ஸ்’, 2023இல் ஹாங்காங்கில் ‘ஃபுரோஸன்’, ஷாங்காயில் ‘ஸூட்டோபியா’.

இவற்றில் அருமையான வேலைகள் உண்டு. ஹாரி பாட்டர் தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் தெரியும் கவனத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஜப்பானில் 2022 நவம்பரில் திறந்த ஜிப்லி பூங்கா இன்னும் ஒரு படி மேலே. பெரிய ராட்டினங்களை நம்பாமல், ஏற்கெனவே இருந்த மரங்களுக்கு நடுவே நடந்து பார்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஜிப்லியின் கதைகள் ஜப்பானியருடையவை, பூங்காவும் அவர்கள் மண்ணில்தான் நிற்கிறது. எந்தக் கதையை எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்கு யாரும் கடிதம் அனுப்பப் போவதில்லை.

ஒரு பூங்காவுக்கு உயிர் தருவது படத்தின் புகழ்தானா என்பதும் சந்தேகத்துக்குரியது. ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ படகுச் சவாரி 1967இல் வந்தது. படம் வந்தது 2003இல். 36 ஆண்டுகள் எந்தப் படமும் இல்லாமலே அந்தச் சவாரியில் கூட்டம் நின்றது. ‘வாட்டர்வேர்ல்ட்’ என்ற 1995ஆம் ஆண்டுப் படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. அதைத் தழுவிய தண்ணீர் சாகசக் காட்சியோ சிங்கப்பூர் செந்தோசாவரை வந்து கைதட்டு வாங்குகிறது. நேரில் நடக்கும் வேலை நன்றாக இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இவை போதும். புகழை மட்டும் நம்பிக் கட்டியவை அந்தப் புகழோடு சேர்ந்தே தேய்கின்றன. அதே செந்தோசாவில் ‘மடகாஸ்கர்’ இருந்த இடத்தை 2025 பிப்ரவரியில் மினியன்கள் எடுத்துக்கொண்டன. ஃபுளோரிடாவில் மார்க் ட்வைனின் நாவலை ஒட்டி அமைந்த டாம் சாயர் தீவை 2025 ஜூலையில் மூடி, அங்கே ‘கார்ஸ்’ படத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ மூலம் இந்தியாவுக்கு முதல் முப்பரிமாணப் படத்தைக் கொடுத்தவர். தன் படத்தின் பெயரையே பூங்காவுக்கு வைத்திருந்தால் கேட்பார் இல்லை. அவர் ராமாயணத்தில் வரும் வானரர் நாட்டின் பெயரை எடுத்தார். அந்தப் பெயருக்கு உரிமத் தொகை கிடையாது. பாட்டி முதல் பேரன்வரை எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம் பத்துமலையின் ராமாயணக் குகையும் அப்படித்தான், யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுந்த கதை உலகம்.

கற்பனை ராஜ்ஜியங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் ‘பாகுபலி’ அரண்மனை அரங்கைக் காணக் கூட்டம் போகிறது, போகட்டும். அந்தப் படத்தின் மகிழ்மதி ஒரு கற்பனை நாடு, அதனால் அங்கே விடுபட்டுப் போன மக்களும் இல்லை. உண்மையான மண்ணையும் உண்மையான மனிதர்களையும் பற்றி ஒரு படம் வந்து, பிறகு அந்த இடமே படத்தின் சாயலுக்கு மாறும்போதுதான் இழப்பு தொடங்குகிறது. அந்த இழப்பு தமிழர்களுக்கு நடந்திருக்கிறது. நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரு இரும்புப் பாலம். நாள்தோறும் சுற்றுலாப் பயணிகள் அதில் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. இத்தனை பேரை அங்கே இழுத்தது டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’, 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை அள்ளிய படம். படப்பிடிப்பு நடந்தது தாய்லாந்திலேயே இல்லை. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில். உண்மையான பாலம் நின்றதும் குவாய் ஆற்றின் மேல் இல்லை, மேக்ளோங் ஆற்றின் மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே என்று கேட்டதால், 1960இல் பாலத்தின் கீழ் ஓடும் ஆற்றுக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு படத்துக்காக ஒரு நதியே பெயர் மாறியது.

1942 முதல் 1943 வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் ஏறத்தாழ 12,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு, பல பத்தாயிரக் கணக்கில் இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி கிடைக்காமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்று கொண்டிருந்த லயங்களிலிருந்து ஆசை காட்டியும் ஆயுதம் காட்டியும் கூட்டிப் போனார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் அந்தச் சரக்கு வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டன. பகாவ் வழியாகப் போகும் கிழக்குக் கரை ரயில் பாதையின் வடபகுதித் தண்டவாளங்களையே பெயர்த்து அந்த மரணப் பாதைக்குக் கொண்டுபோனார்கள்.

படத்தில் பிரிட்டிஷ் அதிகாரியின் வீம்பு இருக்கிறது, ஜப்பானிய அதிகாரியின் தடுமாற்றம் இருக்கிறது. காலராவில் செத்து ஒரே குழியில் தள்ளப்பட்ட தமிழன் இல்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் வரிசை பிசகாமல், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகிறது. தமிழர்களுக்கு நீண்ட காலம் அப்படி ஒன்றும் இல்லை. தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் 2023இல்தான் ஒரு நடுகல் எழுந்தது. ரயில் பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு. எழுத்தில் இந்தக் கதையைக் காப்பாற்றியவர்கள் நம் எழுத்தாளர்கள்: ‘சயாம் மரண ரயில்’ எழுதிய ஆர். சண்முகம், ‘நினைவுச் சின்னம்’ எழுதிய அ. ரெங்கசாமி. பாலத்தைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் அந்த நாவல்களைப் படித்தவர் எத்தனை பேர் இருக்க முடியும்? படம் காட்டியதைத்தான் இடமும் காட்டுகிறது. படம் விட்டதை இடமும் விட்டுவிட்டது.

ஒரு படத்தின் மீது ஊரைக் கட்டுவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். காசு நட்டமாவதைப் பிறகு சரிக்கட்டலாம். எந்த மனிதர்கள் கதையில் இல்லையோ அவர்கள் அந்த மண்ணிலும் இல்லாதவர்களாகிவிடுவதைச் சரிக்கட்டுவது கடினம்.

பகாவைக் கடந்து போகிறவர்களுக்கு அது செம்பனைக்கு நடுவே ஒரு சின்ன நகரம், ஜெம்போல் மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம். ஆனால் இந்த மண்ணில் கதைக்குப் பஞ்சமே கிடையாது. ஜெம்போல் ஆற்று நீர் மூவார் ஆற்றில் சேர்ந்து மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆற்று நீர் பகாங் ஆற்றில் சேர்ந்து கிழக்குக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய நிலத்தில் படகுகளைத் தரையில் இழுத்துக் கடந்து, பழங்கால வணிகர்கள் தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டினார்கள். பெனாரிக்கான் வழி என்று வரலாறு அதைச் சொல்கிறது. கடலிலிருந்து கடலுக்குப் படகு நடந்த ஊர் என்றால், எந்தத் தீம் பார்க் வடிவமைப்பாளரும் காசு கொடுத்து வாங்க ஆசைப்படும் கதை.

அடுத்தது ஃபுஜி கிராமம். 1943 டிசம்பர் முதல், சிங்கப்பூரில் உணவுப் பஞ்சத்தைக் குறைக்க ஜப்பானிய நிர்வாகம் யுரேஷியர்களையும் கத்தோலிக்கச் சீனர்களையும் பகாவ் காட்டுக்கு அனுப்பியது. மலேரியாவிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மக்களோடு வந்து மண் கொத்திய ஆயர் அட்ரியன் டேவால்ஸ், மண்வெட்டி பட்ட காயம் புரையோடி 1945 ஜனவரியில் இறந்தார். சிங்கப்பூரில் இதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. இந்த மண்ணில் கிடைக்கும் நினைவோ மிகக் குறைவு.

மூன்றாவது, யாரும் கதை என்றே எண்ணாத கதை. ஜெராம் பாடாங், கெடிஸ், செயின்ட் ஹெலியர் என்று தோட்டப் பெயர்களைச் சுமந்த தமிழ்ப்பள்ளிகள் இங்கே இருக்கின்றன. விடியலுக்கு முன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் கிராணி, காண்டாவில் ஆடும் பால் வாளிகள், மங்கு கவிழ்க்கும் வேகம், பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயக்கொட்டகை, ஒட்டுப்பால் நாற்றம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறின. கோயில் மட்டும் தனியாக நிற்கும் தோட்டங்கள் நாடெங்கும் உண்டு.

இங்கே சினிமாவைப் பகைத்துப் பேச எந்தத் தோட்டத் தமிழருக்கும் மனம் வராது. திடலில் வெள்ளைத் துணி கட்டி, மழைக்குத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் பார்த்து வளர்ந்த சமூகம் இது. நாளைக்கே ஒரு நிறுவனம் ‘கபாலி’ வட்டாரம் ஒன்றைக் கட்டினால் கூட்டம் அலைமோதும். 2016இல் வந்த அந்தப் படம் மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றைத் தொட்டுப் பேசியது என்ற பெருமையும் உண்டு. ஆனாலும் அது சென்னையில் எழுதி, சென்னையில் உரிமை உள்ள கதை. அதற்கு முன்னரே இந்த மண்ணிலிருந்து தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ வந்தது, சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டம் விட்டு வந்த குடும்பத்தின் வலியைச் சொன்ன ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. நம் கதை எடுபடாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிரான்ஸின் மேற்கே லெ எபேஸ் என்ற சிற்றூரில் புய் து ஃபூ என்ற பூங்கா இருக்கிறது. 1978இல் பாழடைந்த ஒரு கோட்டையின் முன்னால் சுற்றுவட்டார மக்கள் தங்கள் பகுதியின் வரலாற்றை இரவில் நடித்துக் காட்டியதில் அது தொடங்கியது. இன்றும் அந்த இரவுக் காட்சியில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் நடிக்கிறார்கள். ஹாலிவுட் பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல் ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே சொல்லப்படும் வரலாறு ஒருசார்பானது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் சிலர் கடுமையாகக் குறை சொல்வதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பகாவில் இப்படி ஒரு பூங்கா எழுந்தால் அதில் ஒராங் அஸ்லியும் மினாங்கபாவ் மலாய்க்காரரும் சீனரும் யுரேஷியரும் தமிழரும் அவரவர் பங்கை அவரவரே சொல்ல வேண்டும்.

நமக்கு நெருக்கமான இரண்டு இடங்களும் வழி காட்டுகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ரா, இடிபடவிருந்த செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியது. பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து மண்பானை செய்து பார்க்கிறார்கள். இலங்கையின் கம்பளை அருகே பழைய பீகாக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. புதுக் கட்டடம் எழுப்பாமல், லயன் அறைகளையே காட்சிக்கூடமாக்கிவிட்டார்கள். மலேசியாவில் அதற்கு இணையாக, ஒரு லயத்தை லயமாகவே காத்துக் காட்டும் இடம் ஒன்று இந்நேரம் ஊர் ஊராகப் பேசப்படும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ராட்டினம்தான் வேண்டும், அருங்காட்சியகம் வேண்டாம் என்று சொல்வார்கள். நியாயமான பேச்சு. அதற்காக வரலாற்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை. பெனாரிக்கானில் படகை இழுக்கும் போட்டி ஒன்று வைத்தால் பத்து வயதுப் பிள்ளை சத்தம் போட்டு இழுக்கும். விடியற்காலையில் தலைவிளக்கு கட்டி ஒரு நிரை ரப்பர் மரத்தைத் தானே வெட்டிப் பார்த்து, பால் சொட்டுவதைக் கண்ட பிள்ளை அதை மறக்காது. இரவில் திடலில் வெள்ளைத் துணி கட்டி ‘செம்மண் சாலை’யைத் திரையிடலாம். கெந்திங்கில் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நுழைவுச் சீட்டுக்கே பல நூறு வெள்ளி போய்விடும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் உள்ள நாட்டில் அது சின்னத் தொகை இல்லை. பகாவில் எழும் இப்படி ஓர் இடத்துக்கு அவ்வளவு ஆகாது.

யார் செய்வது? பழைய லயங்களும் கோயில் நிலங்களும் இன்னும் பெருந்தோட்ட நிறுவனங்கள் வசம் இருக்கின்றன. ஒரு லயத்தையும் பத்து ஏக்கர் ரப்பரையும் விட்டுக்கொடுப்பது அவற்றுக்குப் பெரிய காரியமில்லை. இந்த மண்ணில் நூறாண்டு உழைப்பை எடுத்துக்கொண்டதற்கு அது குறைந்தபட்சக் கடன். மாநில அரசு 2026 மலேசிய வருகை ஆண்டின் பட்டியலில் போர்ட்டிக்சன் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஜெம்போலையும் சேர்க்க வேண்டும். கட்டடத்துக்கு முன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மரண ரயிலுக்கு அப்பா போனதைப் பத்து வயதில் பார்த்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஆறாம் ஆண்டு மாணவர்களும் கைப்பேசியோடு அவர்கள் வீட்டுக்குப் போய், எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை இந்தப் பள்ளித் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.